எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்ட செல்

“ஏம்மா, ரத்தம் இன்னைக்குத்தானே எடுக்கிறே, மூணு மாசத்துச் சர்க்கரையை எப்படிம்மா சொல்லுவே?” என்று ஊசி குத்தும்போது ஒரு பெரியவர் கேட்டார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். “சிவப்பணு தனக்குன்னு புதுசா எதையும் செஞ்சுக்காதுங்க ஐயா. அதுல சர்க்கரை ஒட்டிக்கிட்டா, அது சாகுற வரைக்கும் அப்படியே இருக்கும்” என்று சொல்லி அனுப்பினேன். பதில் சரிதான். ஆனால் ஏன் புதிதாக எதையும் செய்துகொள்ளாது என்று சொல்ல அந்த ஒரு நிமிடம் போதாது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

மன்னார்குடியில் ஒரு சின்ன லேப்பில் டெக்னீஷியனாகப் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வரைந்த அந்தப் படம் உங்களுக்கும் நினைவிருக்கும். நடுவில் உட்கரு, சுற்றிலும் மைட்டோகாண்ட்ரியா, ஒரு ஓரத்தில் கோல்கை, புள்ளி புள்ளியாக ரைபோசோம். “செல்லின் அமைப்பு, படம் வரைந்து பாகங்களைக் குறி”, ஐந்து மதிப்பெண். ஆனால் தினமும் மைக்ராஸ்கோப்பில் நான் அதிகமாகப் பார்க்கும் செல்லில் அந்தப் படத்தில் இருக்கும் பாகங்களில் அநேகமாக ஒன்றுகூடக் கிடையாது. உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, ரைபோசோம் இல்லை. இத்தனைக்கும் நம் உடம்பில் இருக்கும் செல்களை எண்ணினால் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தச் சிவப்பணுக்கள்தான்.

செல் என்பது எப்படி வேலை செய்கிறது என்று நான் உருப்படியாகப் புரிந்துகொண்டது இந்தச் செல்லிடமிருந்துதான். ஒரு பாகம் இல்லாமல் போனால் எந்த வேலை நின்றுபோகிறது என்று பார்க்கும்போதுதான் அந்தப் பாகம் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரிகிறது. படத்தை மனப்பாடம் செய்தபோது எனக்கு அது தெரியவே இல்லை.

முதலில் ஸ்லைடில் என்ன தெரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியின் ஒரு முனையில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பைச் சாய்த்து வைத்து, ஒரே சீராக முன்னால் தள்ள வேண்டும். கை நடுங்கினால் வரிவரியாக விழும். நன்றாக வந்தால் தலைப்பக்கம் தடிப்பாகவும் வால் பக்கம் மெலிந்தும் ஒரு நாக்கு மாதிரி இறங்கும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டு, அதைப்போல இரண்டு பங்கு பஃபர் நீர் சேர்த்து, பத்து நிமிடத்துக்குப் பிறகு கழுவி நிற்க வைப்போம். அந்தச் சாயத்தில் இரண்டு நிறம் இருக்கிறது. நீலம் போய் டிஎன்ஏ, ஆர்என்ஏ இருக்கும் இடங்களில் ஒட்டும். இளஞ்சிவப்பு போய் ஹீமோகுளோபினில் ஒட்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எண்ணெய் விட்டு, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வெள்ளையணுக்கள் அடர்ந்த ஊதா உட்கருவோடு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். மற்ற இடம் முழுக்கச் சிவப்பணுக்கள். ஒவ்வொன்றும் ஏழரை மைக்ரான் அகலம். ஒரு மில்லிமீட்டருக்குள் 130 செல்களை வரிசையாக அடுக்கலாம். நடுவில் விரலால் அழுத்திய அதிரசம் போல இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். அதனால் ஸ்லைடில் நடுப்பகுதி வெளிறியும் ஓரம் சிவந்தும் தெரிகிறது. ஒரு செல் அளவில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஸ்கேல் எதுவும் வைப்பதில்லை. பக்கத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணு ஒன்று சின்னதாக இருந்தால் அதன் உட்கருவோடு ஒப்பிடுவோம். ஏறக்குறைய அதே அளவு இருந்தால் சரி. அதைவிடச் சிறியதாக, நடுவில் வெளிறல் பெரிதாக இருந்தால் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வோம்.

பார்ப்பதற்கு வெறும் பை. ஆனால் பிறக்கும்போது இது வெறும் பையாக இல்லை.

படிக்கிற காலத்தில் எலும்பு மஜ்ஜை ஸ்லைடுகளைப் பார்க்கக் கொடுத்தார்கள். சிவப்பணு உருவாவது அங்கேதான். ஆரம்ப நிலையில் அது பெரிய செல். வட்டமான பெரிய உட்கரு. சுற்றியுள்ள சைட்டோபிளாசம் கருநீலம். ஏன் அந்த நீலம்? ரைபோசோம்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ரைபோசோமில் ஆர்என்ஏ இருக்கிறது, அதில் நீலச் சாயம் ஒட்டுகிறது. ஹீமோகுளோபினைச் செய்யப்போகும் செல், முதலில் அதைச் செய்வதற்கான கருவிகளைச் செய்து குவித்துக்கொள்கிறது.

அடுத்த நிலையில் செல் கொஞ்சம் சிறுத்திருக்கும், நிறம் சாம்பல் கலந்த நீலமாக மாறியிருக்கும். நீலத்துக்குள் இளஞ்சிவப்பு கலக்க ஆரம்பித்துவிட்டது. அதாவது ஹீமோகுளோபின் சேர ஆரம்பித்துவிட்டது. அதற்கடுத்த நிலையில் சிவப்பு மேலோங்கும். ஒரே ஸ்லைடில் பக்கத்துப் பக்கத்தில் இந்த நிலைகள் எல்லாம் நிற்கும். புரதம் உற்பத்தியாவதை நிறமாகவே கண்ணால் பார்த்துவிடலாம். பாடப் புத்தகத்தில் “ரைபோசோம் புரதச் சேர்க்கை மையம்” என்று ஒரு வரி படித்தேனே, அது இதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதற்குள் நடப்பது சாதாரண வேலை இல்லை. ஹீமோகுளோபினின் புரத இழைகளை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு உட்கருவில், டிஎன்ஏவில் இருக்கிறது. அதைப் பிரதி எடுத்த தூது ஆர்என்ஏ வெளியே வர, ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. அந்த ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக 2009-இல் வேதியியல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். எங்கள் பக்கம், சிதம்பரத்தில் பிறந்தவர். மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத். இரும்பைப் பிடித்து வைக்கிற ஹீம் என்ற பகுதி தனியாகத் தயாராகிறது. அதன் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நடக்கின்றன. இரும்பு போய் உட்காருவதும் அங்கேதான். மைட்டோகாண்ட்ரியா என்றால் “செல்லின் ஆற்றல் நிலையம்” என்று மட்டும் எழுதிவிட்டு வந்துவிட்டோம். ரத்தம் சிவப்பாக இருப்பதற்கும் அதற்கும் இத்தனை தொடர்பு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஹீமோகுளோபின் போதுமான அளவு சேர்ந்ததும் உட்கரு சுருங்கி, கறுத்து, ஓரமாக நகர்கிறது. பிறகு செல் அதைத் தள்ளி வெளியே அனுப்பிவிடுகிறது. பக்கத்திலேயே காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் அதை விழுங்கிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவை வெளியே தள்ளுவதில்லை. செல் தானே அவற்றைச் சவ்வால் சுற்றிச் செரித்துவிடுகிறது. செல் தன் பாகங்களைத் தானே செரிக்கும் இந்த ஏற்பாட்டை ஈஸ்ட்டில் ஆராய்ந்ததற்காகத்தான் 2016-இல் ஜப்பானைச் சேர்ந்த யோஷினோரி ஓசுமிக்கு நோபல் கொடுத்தார்கள். ஈஸ்ட்டில் பட்டினியின்போது நடக்கிற காரியம், நம் மஜ்ஜையில் ஒவ்வொரு விநாடியும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களில் நடந்து முடிகிறது. அத்தனை சிவப்பணுக்கள் ஒரு விநாடிக்குத் தயாராக வேண்டியிருக்கிறது.

கடைசியாக ரைபோசோம்கள். அவை உடனே போவதில்லை. உட்கரு போன பிறகும் ஏற்கெனவே எடுத்து வைத்த தூது ஆர்என்ஏவை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் ஹீமோகுளோபின் செய்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த நிலையில் செல் ரத்தத்துக்குள் வந்துவிடுகிறது. அதன் பெயர் ரெட்டிகுலோசைட். லேப்பில் ரெட்டிக் என்போம். இரண்டு சொட்டு ரத்தத்தில் இரண்டு சொட்டு நியூ மெத்திலீன் நீலம் கலந்து, 37 டிகிரியில் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால், மிச்சமிருக்கும் ரைபோசோம்கள் நீல நூல் சுருண்டு கிடப்பதுபோல் தெரியும். நல்ல ஆரோக்கியமானவர் ரத்தத்தில் 100 சிவப்பணுவுக்கு ஒன்றிரண்டு இப்படி இருக்கும். ஒரு நாளில் அந்த நூலும் கரைந்துபோகும். அதற்குப் பிறகு அந்தச் செல்லால் ஒரு புரதத்தைக்கூடப் புதிதாகச் செய்ய முடியாது. எது கெட்டாலும் மாற்ற முடியாது, இரண்டாகப் பிரியவும் முடியாது. பிறந்தபோது கையில் இருப்பதை வைத்துக்கொண்டு 120 நாள் ஓட வேண்டும்.

எதற்காக இவ்வளவையும் விட்டுக்கொடுக்கிறது? இடத்துக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒன்று நான்கு ஆக்சிஜனைச் சுமக்கும். கணக்குப் போட்டால் ஒரு செல்லுக்கு நூறு கோடிக்கும் மேல். மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமக்கிற ஆக்சிஜனில் ஒன்றைக்கூட அது தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. உட்கரு இல்லாததால் நன்றாக வளைந்து நெளியவும் முடிகிறது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் உட்கரு இருந்தால் வேலையே நடக்காது என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை வீட்டில் விரால் மீன் வெட்டும்போது ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்து எடுத்துக்கொண்டு போய்ச் சாயம் ஏற்றினேன். நீள்வட்டமான சிவப்பணுக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் பளிச்சென்று ஊதா உட்கரு! மீனுக்கும் தவளைக்கும் கோழிக்கும் சிவப்பணுவில் உட்கரு உண்டு. உட்கருவோடுதான் பறவைகள் கண்டம் விட்டுக் கண்டம் பறக்கின்றன. பாலூட்டிகள் வேறு வழியில் போயிருக்கின்றன, அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

சரி, எல்லாம் போன பிறகு என்ன மிச்சம்? ஒரு சவ்வு, அதன் அடியில் ஒரு வலை, உள்ளே ஹீமோகுளோபின், கொஞ்சம் நொதிகள். இவ்வளவுதான். வேறு எதுவும் குறுக்கே இல்லாததாலேயே, செல்லின் சவ்வு எப்படிப்பட்டது என்பதை விஞ்ஞானிகள் இந்தச் செல்லை வைத்துக் கண்டுபிடித்தார்கள். மற்ற செல்களில் சவ்வைப் பிரித்தெடுத்தால் உட்கருவின் சவ்வு, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு என்று எல்லாம் கலந்து வரும். சிவப்பணுவில் இருப்பது ஒரே ஒரு சவ்வு.

1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டல் என்பவரும் செய்த சோதனையை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை மட்டும் அசிட்டோனில் பிரித்தெடுத்தார்கள். அதைத் தொட்டி நீரின் மேல் விட்டு, ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்குப் படலமாகப் பரவவிட்டு, அது எவ்வளவு பரப்பை மூடுகிறது என்று அளந்தார்கள். இன்னொரு பக்கம், எத்தனை செல்களிலிருந்து அந்தக் கொழுப்பு வந்தது, அத்தனை செல்களின் மேற்பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். கொழுப்பு மூடிய பரப்பு, செல்களின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. அப்படியென்றால் சவ்வு இரண்டு அடுக்கு! மனிதன், நாய், ஆடு, முயல் என்று எந்த ரத்தத்தை எடுத்தாலும் அதே இரண்டு மடங்கு. உண்மையில் அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை, செல்லின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். ஒரு குறை இன்னொரு குறையை ஈடுகட்டிவிட்டது. முடிவு மட்டும் இன்றைக்கு வரைக்கும் நிற்கிறது. உடம்பிலுள்ள எல்லாச் செல்லுக்கும், அதற்குள் இருக்கும் பெரும்பாலான பாகங்களுக்கும் சுவர் அந்த இரட்டை அடுக்குதான்.

கொழுப்புச் சுவரைத் தாண்டித் தண்ணீர் எப்படி இவ்வளவு வேகமாகப் போகிறது என்ற கேள்விக்கும் பதில் சிவப்பணுவில்தான் கிடைத்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் அக்ரே ஆர்ஹெச் ரத்த வகைக்குக் காரணமான புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கூடவே இன்னொரு புரதம் ஏராளமாக வந்தது. அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க, 1992-இல் அதன் குறிப்பைத் தவளை முட்டைக்குள் செலுத்தினார்கள். சாதாரண முட்டை தண்ணீரில் சும்மா கிடந்தது. புரதம் இருந்த முட்டை ஊதி வெடித்தது. தண்ணீர் மட்டும் போகிற குழாய் அது, அக்வாபோரின். சிறுநீரகத்தில் தினமும் அத்தனை லிட்டர் தண்ணீரை உடம்பு திரும்ப வாங்கிக்கொள்வதும் இந்த வகைக் குழாய்களால்தான். 2003-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

தண்ணீர் இவ்வளவு சுலபமாக உள்ளே வந்துவிடும் என்பதால், செல் உப்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு பம்பு உண்டு. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இது நிற்காமல் ஓடுவதால் செல்லுக்குள் பொட்டாசியம் வெளியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். எங்கள் வேலையில் இது நேரடியாகத் தெரியும். ரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சை முரட்டுத்தனமாக இழுத்தாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ செல்கள் உடைந்து சீரம் சிவந்துவிடும். அந்த மாதிரி சாம்பிளில் பொட்டாசியம் பார்த்தால் இல்லாத உயரத்தைக் காட்டும். உள்ளே அடைத்து வைத்திருந்தது வெளியே கொட்டிவிட்டது அல்லவா? அதனால்தான் “இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்” என்று கூப்பிடுகிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பம்புக்கு வேண்டிய ஏடிபி எங்கிருந்து வருகிறது? மைட்டோகாண்ட்ரியா இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து முப்பது ஏடிபி வரைக்கும் எடுக்கலாம். இது இல்லாததால் கிளைகோலிசிஸ் என்ற பழைய வழி ஒன்றுதான் கதி. ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக இரண்டே ஏடிபி. லாக்டிக் அமிலம் மிச்சம். அந்த இரண்டை வைத்துத்தான் உப்பைத் தள்ளி, வடிவத்தைக் காத்து, நான்கு மாதம் ஓடுகிறது.

இதையும் லேப்பில் பார்க்கலாம். ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்த பிறகும் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. சும்மா ஒரு குழாயில் எடுத்து மேஜையில் வைத்துவிட்டால் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும். காலையில் எடுத்து மதியம் பார்த்தால் சர்க்கரை நோயே இல்லை என்று வந்தாலும் வரும். அதற்காகத்தான் சர்க்கரைக்கு மட்டும் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். உள்ளே இருக்கும் சோடியம் ஃபுளோரைடு, கிளைகோலிசிஸ் பாதையில் ஈனோலேஸ் என்ற நொதியைப் பிடித்து நிறுத்திவிடும். அதுவும் உடனே நிற்பதில்லை. அந்த நொதி வரிசையில் பின்னால் இருப்பதால், முன்னால் உள்ள கட்டங்கள் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரையை வாங்கிக்கொண்டே இருக்கும். ஊதா மூடிக் குழாயில் ஒருநாள் முழுக்கக் கிடந்த ரத்தத்தில் ஸ்மியர், அதாவது முன்னே சொன்ன அந்த மெல்லிய பூச்சு, இழுத்துப் பாருங்கள், செல்லின் ஓரமெல்லாம் முள் முள்ளாக இருக்கும். ஏடிபி தீர்ந்தால் வடிவமும் போய்விடும்.

வடிவத்தைப் பிடித்து நிறுத்துவது சவ்வின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்பெக்ட்ரின் வலை. நீளமான புரத இழைகள், ஆக்டின் முடிச்சுகளில் ஆறு ஆறாகச் சேர்ந்து, அறுகோணக் கண்ணிகளாகப் பரவியிருக்கின்றன. ஆங்கைரின் என்ற புரதம் அதைச் சவ்வோடு கட்டிவைக்கிறது. ஏழரை மைக்ரான் செல் ஐந்து மைக்ரான் அகலம்கூட இல்லாத தந்துகிக்குள் நீண்டு நுழைந்து, மறுபக்கம் வந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்புகிறதென்றால் இந்த வலைதான் காரணம். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தாலே 120 நாளில் 1,70,000 சுற்றுக்கு மேல் ஆகிறது. பிறவியிலேயே இந்த வலையில் பழுது இருப்பவர்களுக்குச் செல் குழியில்லாமல் உருண்டையாகிவிடும். ஸ்லைடில் நடு வெளிறலே இல்லாமல், சின்னதாய், அடர்சிவப்பாகத் தெரியும். உப்புக் கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து பார்த்தால் மற்ற செல்களுக்கு முன்னாலேயே இவை வெடிக்கும். தட்டையான பைக்கு ஊத இடம் இருக்கிறது, உருண்டைக்கு இல்லை.

உட்கருவை வெளியே போட்டாயிற்று என்றாலும், அது எழுதிக் கொடுத்தது செல்லுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் அப்படித்தான். ஹீமோகுளோபினின் பீட்டா இழையில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். வித்தியாசம் அவ்வளவே. 1949-இல் லைனஸ் பாலிங் இதை மூலக்கூறில் ஏற்படும் நோய் என்று சொன்னார். 1956-இல் வெர்னான் இங்கிராம் வித்தியாசம் எந்தத் துண்டில் இருக்கிறது என்று காட்டினார். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கம்பிகளாகிச் செல்லை வளைத்துவிடுகின்றன. இந்தியாவில் இதை முதலில் 1952-இல் பதிவு செய்தது நம் நீலகிரியில், பழங்குடி மக்களிடம். அந்தச் செல்கள் இருபது நாள் தாங்கினாலே அதிகம்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள் தாராளமாகப் போய் வரும். அதற்கு இன்சுலின் வேண்டாம். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவு உள்ளேயும் இருக்கும். அங்கே நொதி எதுவும் தேவைப்படாமல், மெதுவாக, ஹீமோகுளோபினின் பீட்டா இழை நுனியில் போய் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை அதிகம் என்றால் ஒட்டுவதும் அதிகம். வேறு செல்லாக இருந்தால் பழைய புரதத்தைச் சிதைத்துவிட்டுப் புதிது செய்துகொள்ளும், தடயம் போய்விடும். இங்கே ரைபோசோம் இல்லை, தூது ஆர்என்ஏ இல்லை, குறிப்பு இருந்த உட்கருவும் இல்லை. ஒட்டியது ஒட்டியதுதான். எந்த நேரத்தில் ரத்தம் எடுத்தாலும் அதில் நேற்றுப் பிறந்த செல், ஒரு மாதச் செல், மூன்று மாதச் செல் எல்லாம் கலந்திருக்கும். மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எச்பிஏ1சி. சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் இப்படி ஒரு மாறுபட்ட பட்டை இருப்பதை 1968-இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கவனித்தார். அங்கிருந்துதான் இந்தப் பரிசோதனை வளர்ந்தது.

இதில் ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மாதச் சராசரி என்றாலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. அடுத்து, இந்தக் கணக்கு முழுக்கவும் செல் 120 நாள் வாழ்கிறது என்பதை நம்பியிருக்கிறது. சிவப்பணு சீக்கிரம் சிதைகிற நோய் இருந்தாலோ, சமீபத்தில் நிறைய ரத்தம் போயிருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ எண் சரியாக இருக்காது. சீக்கிரம் சாகிற செல்லுக்குச் சர்க்கரை ஒட்ட அவகாசம் இல்லை, குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம். ஆகவே வெறும் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நான்கு மாதத்தில் செல் எப்படி முடிகிறது? நொதிகள் தேய்கின்றன, சவ்வு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது, வளைந்துகொடுக்கும் தன்மை குறைகிறது. மண்ணீரலில் ஒரு மைக்ரான் அகலம்கூட இல்லாத இடுக்குகள் உண்டு. ஒவ்வொரு செல்லும் அவ்வப்போது அதன் வழியே நுழைந்து போக வேண்டும். நுழைய முடியாததை அங்கிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் பிடித்து விழுங்கிவிடும். உட்கருவின் துணுக்கு ஏதாவது செல்லில் தங்கியிருந்தால் அதையும் மண்ணீரல் பிடுங்கி எடுத்துவிட்டுச் செல்லைத் திருப்பி அனுப்பும். விபத்தில் மண்ணீரலை எடுத்தவர்களின் ஸ்மியரில் அந்தத் துணுக்குகள் கறுப்புப் புள்ளியாகச் செல்லுக்குள் அப்படியே கிடக்கும். அந்தத் துணுக்குகளுக்குப் பெயர் ஹாவல் ஜாலி, ரிப்போர்ட்டில் அப்படியே எழுதிக் கொடுப்போம். ஸ்லைடைப் பார்த்தே மண்ணீரல் இல்லை என்று ஊகித்துவிடலாம்.

விழுங்கிய செல்லிலிருந்து ஹீம் உடைந்து பிலிருபின் ஆகிறது. மஞ்சள் காமாலையின் மஞ்சள் அதுதான். புரதம் அமினோ அமிலமாகிறது. இரும்பு மட்டும் பத்திரமாக மஜ்ஜைக்குத் திரும்புகிறது. ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இப்படிச் சுற்றி வருகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு புதிதாக ஏற்றுக்கொள்வது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். இங்கேதான் நம் வீட்டுப் பெண்களின் பிரச்சினை வருகிறது. ஒரு மில்லி ரத்தம் வெளியே போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதாமாதம் அதிகமாகப் போகிற ஒரு பெண்ணுக்குக் கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்து ஈடுகட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை, ஹீமோகுளோபின் 7. ஸ்லைடில் செல்லெல்லாம் சின்னச் சின்னதாய், ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு. ஹீம் செய்ய இரும்பு இல்லாததால் செல் பாதி வெறுமையாகவே வெளியே வந்திருக்கிறது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். ஒரு வாரம் கழித்து வந்தபோது அவள் அம்மா, “எண்ணு ஏறவே இல்லையேம்மா” என்றார். ஹீமோகுளோபின் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் ரெட்டிக் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நீல நூல் சுருண்ட செல்கள் ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் வந்துகொண்டே இருந்தன. மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேர்ந்து, புதுச் செல்கள் கிளம்பிவிட்டன என்று அர்த்தம். ஹீமோகுளோபின் எண்ணில் அது தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். எண் சரியான பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காக மாத்திரையை மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள். அவள் அம்மாவிடம் அந்த ஸ்லைடையே காட்டி, எந்தச் செல் புதிது என்று விரலால் சுட்டிச் சொன்னேன்.